19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி விடுதி மாணவனின் வாழ்க்கை எப்படி இருந்தது?

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பள்ளி என்பதால் அங்கே சொகுசுக்குக் குறைவிருக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அரசர் ஆறாம் ஹென்றி 1440இல் நிறுவிய ஈட்டனில், அறக்கட்டளைச் செலவில் படித்த 70 மாணவர்களுள் பெரும்பாலோர், 1840கள் வரை ‘லாங் சேம்பர்’ எனப்பட்ட ஒரே நீண்ட கூடத்தில், இரவு முழுவதும் வெளிப்புறம் பூட்டப்பட்டு, ஆசிரியர் மேற்பார்வை ஏதுமின்றி, எலிகளுக்கு நடுவே உறங்கினர். இளையவன் மூத்தவனுக்குத் தண்ணீர் சுமந்து, ரொட்டி வாட்டிக் கொடுத்துப் பணிவிடை செய்யும் ‘ஃபேகிங்’ முறையைப் பள்ளியே ஏற்றிருந்தது, தவறினால் அடிதான். பிரம்படிக்குப் பெயர்போன தலைமையாசிரியர் ஜான் கீட், 1832இல் ஒரே இரவில் எண்பது பேர்வரை அடித்ததாகச் சொல்வார்கள். பாடமோ பெரும்பாலும் லத்தீனும் கிரேக்கமுமே. கணிதம் வழக்கமான வகுப்புப் பாடமானது 1851இல்தான்.