பஞ்சாபிலிருந்து போன பிரிட்டிஷ் சாம்பியன்

அன்புள்ள ஐயா,

பள்ளியில் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்காக பிரிட்டிஷ் தேசிய சாம்பியன்களின் பட்டியலைத் தேடி எடுத்தேன். 1929, 1932, 1933 என மூன்று இடங்களில் மீர் சுல்தான் கான் என்று இருக்கிறது. நம்மவரா? அந்த நாட்டுப் பட்டத்தை அவர் எப்படி வாங்கினார்?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

நம்மவர்தான். பஞ்சாபில் மிட்டா திவானா என்ற ஊர். இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1904-ல் ஹேஸ்டிங்ஸில் தொடங்கிய அந்தப் போட்டியில் அப்போது பேரரசின் குடிமக்களும் ஆடலாம். சர் உமர் ஹயாத் கான் என்ற பெரும் நிலக்கிழார் 1929-ல் இவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். சில மாதங்களிலேயே ராம்ஸ்கேட்டில் பட்டம்.

இவர் சிறுவயதில் கற்றது நம் நாட்டு முறை ஆட்டம். சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் கோட்டை கட்டுவது கிடையாது. ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். என் தாத்தாவும் திண்ணையில் இப்படித்தான் ஆடுவார். நான் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், ஒன்றும் பேசாமல் ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்து வைத்துவிடுவார். இரண்டு படையும் முட்டிக்கொள்ளவே வெகுநேரம் ஆகும். அந்த ஆட்டத்தில் ஊறியவர், ஓப்பனிங்குகளை, அதாவது தொடக்க நகர்வு முறைகளை, புத்தகம் புத்தகமாகப் படித்தவர்கள் எதிரே உட்கார்ந்தார். தொடக்கத்தில் தடுமாறுவார். ஆட்டம் நீண்டு காய்கள் குறைந்துவிட்டால் அவரை அசைப்பது கஷ்டம். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் காப்பாபிளாங்காவை அப்படித்தான் மெல்ல மெல்ல நெருக்கி, 65 நகர்வுகளில் வென்றார்.

சுல்தான் கானை உமர் ஹயாத் கானின் 'வேலைக்காரர்' என்றே பலரும் எழுதுகிறார்கள். குடும்பத்தார் அதை மறுக்கிறார்கள். அந்தச் சொல்லை வைத்து அவரை அறிமுகப்படுத்துவது எனக்கும் பிடிப்பதில்லை. ஆட்டத்தைச் சொன்னாலே போதுமே.

பெண்கள் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். 1933-ல் மிஸ் ஃபாத்திமா என்று இருக்கும். அவரும் அதே உமர் ஹயாத் கான் வீட்டிலிருந்து போனவர். ஒரே வருடம், ஒரே ஊரில் நடந்த போட்டி, இரண்டு பட்டங்களும் ஒரே வீட்டுக்கு! அந்த வருடக் கடைசியில் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். இருவரும் அப்புறம் அங்கே ஆடவேயில்லை. சுல்தான் கான் 1966-ல் இறந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்குக் கொடுத்தது 2024-ல். எவ்வளவு தாமதம்!

பட்டியலில் இன்னும் கீழே வந்தால் 2002-ல் சென்னைக்காரர் ஆர்.பி. ரமேஷ் இருப்பார், பிரக்ஞானந்தாவின் பயிற்சியாளர். அடுத்த வருடம் அபிஜித் குன்டே. காமன்வெல்த் நாட்டவர் ஆடலாம் என்ற விதி அதுவரை இருந்தது. மேல் இடங்களை இந்தியர்களே பிடித்ததும் அங்கே முணுமுணுப்பு எழுந்து, 2004-ல் கதவை அடைத்துவிட்டார்கள். தங்கள் தேசியப் பட்டம் தங்களுக்குள் இருக்கட்டும் என்று நினைத்ததில் எனக்குக் குறையில்லை.

ஒரு நாள் உங்கள் பிள்ளைகளை, சிப்பாய்க்கு ஒரே கட்டம் என்று வைத்து ஆடச் சொல்லுங்கள். எப்படிப் போனது என்று எழுதுங்கள்.