சோற்றின் மேல் பழி: நகரத்து உடற்பருமன் குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உயரம் 165 செ.மீ., எடை 70 கிலோ. வீட்டில் 'பூசினாற்போல் இருக்கிறாய்' என்கிறார்கள். இது பருமனா?

பதில்: உங்கள் உடல் நிறைக் குறியீடு (BMI: கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25.7. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 30 தொட்டால்தான் பருமன். ஆனால் கை கால் மெலிந்திருக்க வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவது நம்மவர் உடல்வாகு என்பதால், இந்தியர்களுக்கு 25ஐயே எல்லையாகக் கொள்கிறோம். எடை இயந்திரத்தைவிட அளவு நாடாவை நம்புங்கள்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடும் பேன்ட் பொய் சொல்லும்.

கேள்வி: சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறலாமா?

பதில்: அரிசியோ கோதுமை மாவோ, 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரிதான்.

கேள்வி: என் தாத்தா மூன்று வேளையும் சோறுதான் உண்டார், கடைசிவரை ஒல்லியாகவே இருந்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் தாத்தா வயலில் இறங்கி வேலை செய்திருப்பார், வீட்டில் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றியிருப்பார்கள். இன்று நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவாவதைப் பார்க்கிறேன். ஆளுக்கு அரை லிட்டர் போதும். மிகுதியான அரை லிட்டர், நாளொன்றுக்குச் சுமார் 135 கலோரியாக ஒவ்வொருவர் உடலிலும் ஏறுகிறது. செக்கு எண்ணெய்க்கும் இதே கணக்குதான்.

கேள்வி (அதே நண்பர்): வயல் வேலை உள்ள கிராமத்திலும் இப்போது தொப்பை தெரிகிறதே?

பதில்: நியாயமான மறுப்பு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, குறியீடு 25ஐ எட்டிய பெண்கள் இந்திய நகரங்களில் 33.2 சதவீதம், கிராமங்களில் 19.7 சதவீதம். தமிழகப் பெண்களில் இது 2015-16இல் 30.9 சதவீதமாக இருந்து 40.4 சதவீதமாக உயர்ந்துவிட்டது. அறுவடை இயந்திரமும் இருசக்கர வாகனமும் பாக்கெட் தின்பண்டமும் ஊருக்குள் வந்தபின், நகரத்துத் தொப்பை மட்டும் நகரத்திலேயே நின்றுவிடுமா?

கேள்வி: என் ஒன்பது வயது மகன் குண்டாக இருக்கிறான்.

பதில்: மேற்சொன்ன எண்கள் சிறுவர்களுக்குப் பொருந்தா. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், பட்டினி போடாதீர்கள்.

கேள்வி: கொள்ளு ரசம் தொப்பையைக் கரைக்குமா?

பதில்: கரைக்காது. ரசம் நன்றாக இருக்கும்.

கேள்வி: இரவில் மட்டும் சப்பாத்தி சாப்பிடலாமா?

பதில்: மறுபடியும் சப்பாத்தியா! எத்தனை, எவ்வளவு எண்ணெயில் சுட்டது, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள், பிறகு பேசுவோம்.