ஆழமும் காற்றும்

அன்புள்ள ஐயா,

ஒரு ஹார்டுவேர் கடையில் நெடுங்காலமாகக் கணக்கு எழுதுகிறேன். சொந்தமாகச் சின்னதாக ஒரு கடை போடலாமா என்று யோசனை. முதலாளியிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். “ஆழம் தெரியாம காலை விடாதப்பா” என்றார். வீட்டில் மனைவி, “காற்றுள்ள போதே தூற்றிக்கணும். இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவர் கணக்கையே எழுதுவீங்க?” என்கிறார். கடையில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒரு நாள் ‘முயற்சி திருவினை ஆக்கும்’ என்று இருக்கிறது, இன்னொரு நாள் ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஓர் எதிர்ப்பாட்டு உண்டு. அப்படியானால் பெரியவர்கள் எதையுமே சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? என் மகள் குறள் மனப்பாடம் செய்கிறாள். எதற்கு என்று கேட்க வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெயர் வேண்டாம்,
விருதுநகர்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். பட்டியலை இன்னும் நீட்டலாம். ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்று ஒருவர் ஆரம்பித்தால், ‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா’ என்று கேட்க அதே திண்ணையில் இன்னொருவர் இருப்பார். ‘கற்றோர்க்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு’ என்று பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய பையன் ஃபியூஸ் போடத் தெரியாமல் நின்றால், ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா’ என்று அதே வீட்டில் கேட்பார்கள்.

இந்தச் சண்டை நம் கண்ணில் படாமல் போவதற்குப் புத்தகங்களும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். 1874இல் சென்னையில் வெளிவந்த அவருடைய பழமொழித் தொகுப்பில் 6,000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. பெரிய உழைப்பு, மறுக்கவே முடியாது. ஆனால் பழமொழிகளை வரிசை கட்டி அச்சில் நிறுத்தியதும், யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னது என்பது கழன்று விழுந்துவிடுகிறது. உங்கள் காலண்டரும் அதைத்தான் செய்கிறது. ராகுகாலத்தையாவது அந்தந்தக் கிழமைக்குச் சரியாகப் போடுவார்கள். பொன்மொழி எந்தத் தாளில் விழுந்தாலும் கேட்பாரில்லை.

நீங்கள் சொன்ன இரண்டு குறளில் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று
சூழினுந் தான்முந் துறும்.

இது 380. ஊழை மிஞ்சிய வலிமை எது, அதை விலக்க வேறு வழி தேடினாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறார். அறத்துப்பாலின் கடைசிக் குறள். அப்புறம் பொருட்பாலுக்குப் போய், அரசன் எப்படி இருக்க வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ‘முயற்சி திருவினை ஆக்கும்’ வரும் அதே அதிகாரத்தில், 620இல் இப்படிச் சொல்கிறார்:

ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித்
தாழாது உஞற்று பவர்.

சோராமல் முயல்பவர் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார்களாம். முதலில் சொன்னதை வள்ளுவர் மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. இவ்வளவு கச்சிதமாக எதிரெதிரே நிறுத்த மறதியால் முடியாது. என் வாசிப்பில், 620 வேலையை எடுப்பவனுக்கு, 380 வேலை கைநழுவிப் போனவனுக்கு. இடம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கடை திறக்கும் அன்று ஊழைப் பற்றிப் பேசினால் அபசகுனம். கடை நொடித்தவனிடம் போய் ‘நீ சோராமல் முயன்றிருக்க வேண்டும்’ என்றால் கொடுமை.

நாம் வழக்கமாகச் செய்வதே அந்த இடமாற்றம்தான். நம் பையன் தேறினால் உழைப்பு, பக்கத்து வீட்டுப் பையன் தேறினால் நேரம். நாம் நஷ்டப்பட்டால் விதி, பங்காளி நஷ்டப்பட்டால் ‘அகலக்கால் வைத்தான்’. முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்குச் சாட்சி சொல்லப் பழமொழியைக் கூப்பிடுகிறோம். அதுவும் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுகிறது. (எல்லாப் பழமொழியும் ஞானம் என்றும் சொல்ல மாட்டேன். பெண்களையும் சாதிகளையும் மட்டம் தட்டுவதற்கென்றே பிறந்தவை ஏராளம். பழசு என்பதற்காக அவற்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட வேண்டியதில்லை.)

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பதில் காலை விடவே கூடாது என்ற உத்தரவு இல்லை. ஆழத்தைத் தெரிந்துகொள் என்றுதான் இருக்கிறது. உங்கள் ஊரில் ஹார்டுவேர் தொழிலின் ஆழம் உங்களைவிட யாருக்குத் தெரியும்? எந்த மேஸ்திரி சொன்ன தேதிக்குப் பணம் தருவார், யார் அடுத்த காண்ட்ராக்ட் கிடைத்த பிறகுதான் பழைய பாக்கியைத் தீர்ப்பார், பிவிசி எல்போவில் எவ்வளவு லாபம் நிற்கும், எந்த கலர் பெயிண்ட் டப்பா விற்காமல் மூடிக்குள்ளேயே தோல் கட்டிப் போகும் என்பதெல்லாம் நீங்கள் எழுதிய கணக்கிலேயே இருக்கிறது. உங்களைத் தடுப்பதற்காக முதலாளி சொன்ன வார்த்தை, கவனித்துப் பார்த்தால், உங்கள் பக்கம் பேசுகிறது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஒருவேளை உண்மையான அக்கறையிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம்பிக்கையான கணக்குப்பிள்ளை போய்விட்டால் யாருக்கு நஷ்டம் என்பதும் ஒரு கணக்குதான்.

மனைவி சொன்னதையும் அதே மாதிரி உரசிப் பார்க்க வேண்டும். களத்தில் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முறத்தில் நெல்லை அள்ளித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துச் சிறுகச் சிறுகச் சரிப்பார்கள். நெல்மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும். காற்று நின்றால் கையும் நின்றுவிடும். பழமொழி அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பேசுகிறது. அதற்கு முன்பே அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து முடித்திருக்க வேண்டும். அறுக்காதவனுக்கு எந்தக் காற்று வீசி என்ன, கண்ணில் தூசிதான் விழும். ஆகவே உங்கள் மனைவி சொல்வது சரியா இல்லையா என்பது களத்தில் நெல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதாவது கையில் முதல்.

மகளிடம் ‘எதற்கு’ என்று கேட்காமல் இருந்தது நல்ல காரியம். தூங்குக என்றால் தாமதிக்கலாம் என்று பொருள் சொல்லி, இந்த 672ஐ ஒரு தடவை அவளோடு உட்கார்ந்து படியுங்கள்.

தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை.

ஆறப்போட்டுச் செய்ய வேண்டியதை ஆறப்போடு, ஆறப்போடக் கூடாததை ஆறப்போடாதே. ஏதோ மழுப்பல் பதில் மாதிரி இருக்கும். எந்த வேலை எந்த வகை என்று அவர் சொல்லவே இல்லை, அதைச் செய்பவன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் மனப்பாடத்தை நான் குறை சொல்வதில்லை. பத்து வயதில் பொருள் தெரியாமல் உள்ளே போனது, ஒரு நாள் கடை வாசலில் நிற்கும்போது தானாக நினைவுக்கு வரும். ஆனால் இரண்டு பக்கமும் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரே ஒரு பொன்மொழியை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்க்கை நடத்துபவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

உங்களிடம் எனக்குக் கேட்க இருப்பதெல்லாம் வேறு. கடை ஓடாவிட்டாலும் வீட்டுச் செலவு தாங்க எத்தனை மாதத்துக்குக் கையிருப்பு இருக்கிறது? சரக்குக்குக் கடன் தர மொத்த வியாபாரி யாராவது உங்கள் முகத்துக்காக ஒத்துக்கொள்வாரா, இல்லை முதலாளியின் பெயருக்காகத்தான் இத்தனை நாள் தந்தாரா? இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கடைக்கு அட்வான்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்து.