கன்றுப்பட்டிக்கு எந்த 'ர'?

கேள்வி: உதகைக்குப் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் தோடர் பழங்குடிப் பிள்ளைகள் நான்கு பேர். அவர்கள் மொழியிலேயே ஒரு சின்னப் புத்தகம் செய்து கொடுக்க ஆசை. அதற்குத் தனி எழுத்து இல்லையே, தமிழ் எழுத்தில் எழுதலாமா?
– ஒரு வாசகி, நீலகிரி

பதில்: தாராளமாக எழுதலாம். பிள்ளைகளுக்குப் பழகிய எழுத்து. ஆனால் நம் எழுத்து போதாத இடங்கள் வரும். துணியின் கரை, சாறு, கன்றுப்பட்டி (கன்றுகளை அடைக்கும் இடம்) மூன்றுக்கும் அவர்கள் சொல்வது நம் காதில் 'கர்' என்றே விழும். அவர்களுக்கு அவை மூன்று தனிச் சொற்கள். நாக்கு தொடும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு. நம்மிடம் இருப்பதோ ர, ற இரண்டுதான். மூன்றாவதற்கு 'ர'வின் அடியில் ஒரு புள்ளி வையுங்கள். எந்த ஒலிக்குப் புள்ளி என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வயதான ஒருவரைச் சொல்லச் சொல்லி, பிள்ளைகளையே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நானும் மலையில் ஆசிரியையாக இருந்தவள்தான். முதலில் நம் அரிச்சுவடியை வைத்துக்கொண்டு, ஆட்டுக்குத் தோடர் சொல் கேட்டு ஒரு மந்துக்குப் போனேன். "இங்க யாரு டீச்சர் ஆடு வளர்க்கறாங்க? எருமையப் போடுங்க" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. படம் வரைந்த அட்டையை அன்றே தூக்கிப் போட்டேன்.

அந்தப் பாட்டி மடியில் பூத்துக்குளி, அதாவது தோடர்கள் போர்த்திக்கொள்ளும் துணி, இருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றதே, அதே வேலைதான். துணியில் கோடு எதுவும் போடுவதில்லை. இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி ஏறுகிறது. சரி, எண் பாடம் இங்கேயே இருக்கிறதே என்று தோன்றியது. பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டு எண்ணச் சொன்னேன். எங்கள் புத்தகத்தின் முதல் பக்கம் அதுதான். நீங்கள் அதைக் கைபேசியிலும் பதிந்துகொள்ளுங்கள். எழுத்தில் தப்பிய ஒலி அதிலாவது இருக்கும்.

தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான். மொழியியலாளர் எமனோ 1930களில் அங்கே தங்கித் திரட்டிய பாடல்கள் 1971-ல் பெரிய நூலாக வந்தன. ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம். ஏழு வயதுப் பிள்ளை கையில் வைத்துப் படிக்க ஒன்று வேண்டுமே, அதை நினைத்தால் எனக்கு மனசு பதைக்கிறது.

அப்புறம், உடனே அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அச்சடித்ததைத் திருத்த யாருக்கும் மனசு வராது. கையால் ஐந்து பிரதி எழுதுங்கள். பிள்ளைகளுக்கு நான்கு, மந்தில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர் வீட்டுக்கு ஒன்று.