நானோகுழாய் கலந்த பிளாஸ்டிக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாலிகார்பனேட்டில் 2 விழுக்காடு பல்சுவர் நானோகுழாய் (மின்சாரம் கடத்தும் மிக நுண்ணிய கார்பன் குழாய்) கலந்து இஞ்செக்‌ஷன் மோல்டிங் (உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது) செய்கிறோம். மின்தடைத்திறனைக் குறைக்க எந்திரத்தின் எந்த அமைப்பை முதலில் மாற்றுவது?

பதில்: முதலில் உட்செலுத்தும் வேகத்தைக் குறையுங்கள்; பிறகு உருகலின் (உருகிய பிளாஸ்டிக்கின்) வெப்பநிலையை, பிசின் (மூலப் பிளாஸ்டிக்) தாங்கும் வரம்புக்குள், உயர்த்துங்கள். அச்சின் வெப்பநிலையும் தாங்கு அழுத்தமும் (அச்சு நிறைந்த பின் தொடர்ந்து கொடுக்கும் அழுத்தம்) பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் அடுத்த இடத்தில்தான் வருகின்றன. வேகமான பாய்ச்சல் குழாய்களைப் பாயும் திசையில் வரிசைப்படுத்திவிடுவதால், அவை ஒன்றையொன்று தொடும் இடங்கள் குறைந்து மின்பாதை அறுபடுகிறது. உருகல் சூடாக இருந்து மெல்ல உறைந்தால், கலைந்த குழாய்கள் மீண்டும் கொத்தாகச் சேர அவகாசம் கிடைக்கிறது. 280 டிகிரியில் ஓட்டுபவர் 300-ஐ முயன்று பார்க்கலாம். ஆனால் வேகத்தையும் வெப்பத்தையும் ஒரே ஓட்டத்தில் மாற்றிவிட்டு, எது பலன் தந்தது என்று எனக்கு எழுதிக் கேட்க வேண்டாம்.

கேள்வி: விவரத்தாளில் மேற்பரப்புத் தடை 10⁴ ஓம் என்று போட்டிருக்கிறது. எங்கள் பாகத்தில் 10⁸ காட்டுகிறது. சரக்கு கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: மாதந்தோறும் வரும் கடிதம் இது. அந்த 10⁴ எந்தத் தகட்டில் அளக்கப்பட்டது என்று கேட்டீர்களா? சூடான தட்டுகளுக்கு இடையே அழுத்தி வார்த்த தகட்டில் பாய்ச்சலே ஏறக்குறைய இல்லை, குளிர்வதும் மெதுவாகத்தான். ஆகவே குழாய் வலை குலையாமல் நிற்கிறது. உங்கள் பாகத்திலோ, அச்சின் குளிர்ந்த சுவரைத் தொட்ட உருகல், குழாய்கள் வரிசையாகப் படிந்த நிலையிலேயே உறைந்து, கடத்தாத தோலாகிவிடுகிறது. மேற்பரப்பு மீட்டர் பெரும்பாலும் இந்தத் தோலைத்தான் படிக்கிறது. உள்ளே நல்ல வலை இருந்தாலும் அது மீட்டருக்குத் தெரிவதில்லை.

சந்தேகம் தீர ஒரு பாகத்தைப் பலியிடுங்கள். நுண்ணிய எமரித் தாளால் ஈரமாகத் தேய்த்து (நானோகுழாய்த் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது), மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல்தோலை நீக்குங்கள். நன்றாக உலர்த்திய பின், அதே இடத்தில் அதே மீட்டரை வையுங்கள். அளவு ஆயிரம் மடங்கு இறங்கினால் குற்றம் சரக்கில் இல்லை, உங்கள் உட்செலுத்தலில் இருக்கிறது.

அளக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். வழவழப்பான பரப்பில் வெறும் உலோக முனையை அழுத்தினால் தொடுமிடத்தின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். வெள்ளிப் பூச்சால் இரண்டு கோடு இழுத்து அளப்பதே முறை. கலவை ஊடுபரவல் வரம்பை (குழாய்கள் இணைந்து மின்பாதை உருவாகத் தேவையான குறைந்தபட்ச அளவை) ஒட்டியிருந்தால் 10 வோல்ட்டில் ஒன்றும் 100 வோல்ட்டில் வேறொன்றும் வரும். கேட்டுக்கு (உருகல் அச்சுக்குள் நுழையும் வாய்க்கு) அருகில் ஓர் அளவு, பாய்ச்சலின் கடைசியில் வேறு அளவு. பாயும் திசையில் ஒன்று, குறுக்கே இன்னொன்று. எங்கே, எத்திசையில், எத்தனை வோல்ட்டில் என்று சொல்லாத மின்தடை எண்ணை வைத்துக்கொண்டு சரக்கைப் பழிப்பதும் தவறு, புகழ்வதும் தவறு.

கேள்வி: நானோகுழாயின் அளவைக் கூட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: ஓரளவு தீரும். ஊடுபரவல் வரம்பைத் தாண்டி மேலே போகப் போக, வார்ப்பு நிலைகளின் செல்வாக்கு குறைகிறது. ஆனால் பிசுக்குமை (உருகலின் கெட்டித்தன்மை) ஏறும், செலவும் ஏறும்.

கேள்வி: வார்த்த பாகத்தை அடுப்பில் சூடாக்கினால் கடத்துதிறன் திரும்புமா?

பதில்: திரும்பும். பாலிகார்பனேட்டின் கண்ணாடி நிலைமாற்றம் (கெட்டியான பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் வெப்பநிலை) ஏறக்குறைய 150 டிகிரி. அதற்கு மேல் வைத்திருந்தால் குழாய்கள் மீண்டும் வலை பின்னும். அதே வெப்பத்தில் பாகமும் தளர்ந்து கோணிவிடும். தட்டையான சோதனைத் தகட்டுக்கு இது சரி, இணைப்புக் கொக்கிகள் உள்ள பெட்டிக்கு ஆகாது.

கேள்வி: மறு அரைவையை (கழிவுப் பாகங்களை அரைத்து மீண்டும் பயன்படுத்தும் சரக்கை) எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: நன்றாக உலர்த்தி, குறைவாக. ஈரமான பாலிகார்பனேட், எந்திரத்தின் உருக்கும் உருளையான பேரலிலேயே சிதைகிறது. குழாய்களோ, அதற்குள் சுழலும் ஸ்குரூவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் முறிந்து குட்டையாகின்றன.

கேள்வி: எங்கள் பாகம் கடத்தவே இல்லை. காரணம் என்ன?

பதில்: எந்தப் பிசின், எத்தனை விழுக்காடு, என்ன வெப்பநிலை, என்ன வேகம், எங்கே அளந்தீர்கள் என்று ஒன்றுமே எழுதவில்லை. இந்த ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை பார்க்கலாம்.