பேப்பர் இருக்கு என்று சொல்லி விற்ற தேவாங்கு

கேள்வி (சுருக்கமாக): குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன். திண்டுக்கல்லில் படிக்கும் என் மகன் மூன்று வாரம் முன்னால், வாட்ஸ்அப்பில் பழக்கமான ஒருவரிடம் 45,000 ரூபாய் கொடுத்து ஒரு சின்ன விலங்கை வாங்கி, பையில் வைத்து பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டான். தாய்லாந்து ஸ்லோ லோரிஸ், வெளிநாட்டு விலங்கு என்பதால் நம்மூர்ச் சட்டம் பொருந்தாது என்று சொல்லி ஒரு சான்றிதழ் ஜெராக்ஸும் கொடுத்திருக்கிறார்கள். கை கால் குச்சியாக இருக்கிறது, வால் இல்லை, கண் பெரிது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, இது தேவாங்கு, ஜெயிலுக்குப் போகப் போகிறீர்கள் என்கிறார். ராத்திரியோடு ராத்திரியாக ஜீப்பில் கொண்டுபோய் மலைப்பாதையில் விட்டுவிடலாமா? தோட்டத்தில் கிடைத்தது என்று சொன்னால் என்ன? பணம் திரும்பக் கிடைக்குமா? இங்கே டீக்கடையில் குரங்கைக் கட்டி வைத்திருப்பவரை யாருமே கேட்பதில்லையே?

பதில்:

ஐயா, முதலில் அந்த ஜீப் யோசனையை விடுங்கள். செக்போஸ்ட்டில் மாட்டினால், வீட்டில் வைத்திருந்த குற்றத்தோடு கடத்திய குற்றமும் சேரும், குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டி அரசுக்குச் சொந்தம் என்று வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 39-வது பிரிவு சொல்வதால் ஜீப்பும் போகும். வழக்கு முடியும் வரை வண்டியை இடைக்காலமாக விடுவிக்கச் சொல்லி மனுப் போடலாம்தான், ஆனால் சீசன் நேரத்தில் அந்த அலைச்சல் உங்களுக்குத் தேவையா? விலங்குக்கும் இதில் நன்மை இல்லை. தமிழ்நாட்டு வறண்ட காட்டுத் தேவாங்கும் கேரளப் பக்கத்து ஈரக்காட்டுத் தேவாங்கும் ஒரே ரகம் இல்லை, இது எங்கே பிடித்தது என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. பூச்சி தின்று வாழ்கிற ஒன்றை மூன்று வாரம் கூண்டில் வைத்திருந்துவிட்டு இருட்டில் இறக்கிவிட்டால் அது பிழைக்கும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஸ்லோ லோரிஸ் இன்னும் குண்டாக இருக்கும். திண்டுக்கல், கரூர் பக்கம் தேவாங்கு வாழ்கிற முள்காடு நிறைய உண்டு, 2022-ல் கடவூரை ஒட்டி 11,806 ஹெக்டேரைத் தேவாங்கு சரணாலயமாகவே அறிவித்தார்கள். அந்த ஊர்ப் பக்கமே தேவாங்கைத் தாய்லாந்துக்காரன் என்று விற்றிருக்கிறான் என்றால் அவன் துணிச்சலை என்ன சொல்வது! வனஉயிரினச் சட்டப்படி தேவாங்கு, மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள விலங்குகளின் பட்டியலான முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குறைந்தபட்ச சிறைத்தண்டனை இருக்கிற குற்றம் என்பதால், பணம் கட்டிச் சமரசமாக முடிக்கிற வழியும் கிடையாது.

சரி, அது நிஜமாகவே ஸ்லோ லோரிஸ் என்று வைத்துக்கொள்வோம். தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு இனம் அஸ்ஸாம், மேகாலயா பக்கம் நம் நாட்டிலேயே இருக்கிறது, அதுவும் முதல் அட்டவணைதான். வெளிநாட்டு இனங்கள் எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு 2007-லேயே போய்விட்டன. குரங்கினம் மொத்தமுமே அந்த ஒப்பந்தத்தின் முதல் இரண்டு பட்டியலுக்குள் வந்துவிடும், அதனால் விரல் அளவு மார்மோசெட் குரங்காக இருந்தாலும் கதை இதுதான். 2022-ல் செய்த திருத்தத்துக்கும் 2024-ல் வந்த விதிகளுக்கும் அப்புறம், இப்படிப்பட்ட விலங்கை உயிரோடு வைத்திருப்பவர் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தன் பெயரில் பதிய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஜெராக்ஸை எடுத்து அதில் யார் பெயர், என்ன இனம் என்று பாருங்கள். உங்கள் மகன் பெயர் இருக்காது. இருந்தாலும் காட்டில் பிடித்த தேவாங்கை எந்தப் பதிவும் செல்லப்பிராணி ஆக்காது, பேப்பர் இருக்கு என்று விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

தோட்டத்தில் கிடைத்தது என்று சொல்வது இன்னும் மோசம். கிடைத்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்கோ வனத்துறைக்கோ சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் மூன்று வாரம் கழித்துப் போகிறீர்கள். கைவசம் இருந்தது நிரூபணமானால் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே 57-வது பிரிவு அனுமானிக்கும், இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. பணம் போன ஜிபே கணக்கும் வாட்ஸ்அப் பேச்சும் மகன் போனில் இருக்கும்போது தோட்டக் கதை ஒரு நாள் தாங்காது. அதற்காக அதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். தடயத்தை அழிப்பது தனிக் குற்றம், அதோடு உங்கள் மகன் விற்பவன் இல்லை, ஏமாந்து வாங்கியவன் என்று காட்டப்போவதே அந்தப் பேச்சுதான்.

அப்போ என்ன செய்வது? இன்றைக்கே இடுக்கி கோர்ட்டுகளில் வனவழக்கு பார்க்கிற ஒரு வக்கீலைப் பிடியுங்கள், நாளைக்கு அவரோடு உங்கள் பகுதி ரேஞ்ச் ஆபீஸுக்கு எழுத்தில் தகவல் கொடுத்து அங்கேயே ஒப்படையுங்கள். மத்தியச் சட்டம் என்பதால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை, கொண்டுபோகவும் கூடாது. மகஜரின் (ஒப்படைத்ததை அதிகாரி எழுதிப் பதிவு செய்கிற ஆவணம்) நகலும் மனு கொடுத்ததற்கு ரசீதும் வாங்குங்கள். தானாக ஒப்படைத்தால் வழக்கு வராது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ரெய்டில் பிடிபட்டவனையும் தானே வந்தவனையும் ஜாமீன் மனுவில் நீதிபதி ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. உங்களுக்கும் மகனுக்கும் முன்ஜாமீன் மனுவை (இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 482-வது பிரிவு) வக்கீல் தயாராக வைத்திருக்கட்டும். இன்னொன்று, வனத்துறையில் உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாத, அதிகாரம் பெற்ற அதிகாரி உங்கள் முன்னிலையில் பதிவு செய்கிற சாட்சியம் கோர்ட்டில் செல்லும், போலீஸிடம் கொடுக்கிற வாக்குமூலம் மாதிரி எடுபடாமல் போகாது. பொய் சொல்லாதீர்கள், பயத்தில் உளறவும் செய்யாதீர்கள், வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்லுங்கள். ஒப்படைக்கும் வரை பாலும் வாழைப்பழமும் கொடுக்காமல் இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள், கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டாம், வீடியோ வேண்டவே வேண்டாம்.

டீக்கடைக் குரங்கு விஷயம். அது சாதாரண நாட்டுக் குரங்காகத்தான் இருக்கும், 2022 திருத்தத்தில் அதுவும் முதல் அட்டவணைக்கு ஏறிவிட்டது. பயிரை அழிக்கிறது, அங்கிருந்து இறக்குங்கள் என்று கேரள அரசே மத்திய அரசிடம் கேட்டது. இறக்கினாலும் கட்டி வைக்க அனுமதி வந்துவிடாது. அதோடு, குட்டிக் குரங்கு தாயின் வயிற்றை விட்டு இறங்காது, தாயைக் கொல்லாமல் குட்டி சந்தைக்கு வருவது அபூர்வம். அவரை இன்னும் பிடிக்கவில்லை என்பதை உங்கள் வக்கீல் கோர்ட்டில் வாதமாக வைக்க முடியாது.

பணத்தை மறந்துவிடுங்கள். சட்டவிரோதமான பொருளுக்குப் போட்ட ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவின்படி செல்லாது, நுகர்வோர் கோர்ட்டில் போய் தேவாங்கு தரமில்லை என்று நிற்க முடியாது அல்லவா. ரீஃபண்ட் கேட்டு அந்த ஆளுக்கு இனி ஒரு மெசேஜும் போகக் கூடாது. அவன் நம்பர், கணக்கு விவரம், அனுப்பிய மற்ற விலங்குப் படங்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஒப்படைக்கும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.