மகன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறான், மெயின்டனன்ஸ் கட்டுவதை எப்போது நிறுத்தலாம்?

கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார், பிரிந்துபோன மனைவியிடம் வளரும் மகனின் செலவுக்காகப் பணம் (மெயின்டனன்ஸ்) கட்டுகிறார். 17 வயது மகன் ஜனவரியில் காலேஜிலிருந்து நின்றுவிட்டு ஒரு குடோனில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கிறான். "அவனே சம்பாதிக்கிறான், இனி நான் ஏன் கட்ட வேண்டும்" என்கிறார் இவர். "20 வயது வரை கட்டித்தான் ஆக வேண்டும்" என்கிறார் பையனின் அம்மா.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. நீங்கள் எழுதியிருக்கும் விவரம் அப்படியே சரி என்றால் பிப்ரவரி கடைசி நாள் வரை கட்ட வேண்டும், அப்புறம் தேவையில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் தயவுசெய்து இன்றைக்கு ராத்திரியே பேங்க் ஆப்பைத் திறந்து ஸ்டாண்டிங் ஆர்டரில் (பணம் தானாகப் போகிற ஏற்பாடு) கை வைக்காதீர்கள். நான் வைத்தேன், அந்தக் கதையும் வருகிறது.

இந்தத் தொகையைக் கணக்குப் போடும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் வழியாகக் கட்டுகிறவர்களுக்கு, பையன் என்ன சம்பளம் வாங்குகிறான், அவன் பிறந்தநாள் எப்போது என்பதெல்லாம் முதல் கேள்வி இல்லை. அவனுக்காகச் சைல்ட் பெனிபிட் (பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் உதவித்தொகை) கிடைக்கத் தகுதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அதற்கு மேல் 20 வயது ஆகும் வரை, ஏ லெவல் (நம் பிளஸ் டூ மாதிரி) அல்லது அதற்கு இணையான படிப்பில், ஆசிரியர் மேற்பார்வையில் வாரத்துக்குச் சராசரியாக 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் உண்டு (சாப்பாட்டு இடைவேளை, வீட்டுப்பாடம் எல்லாம் இந்த 12-இல் சேராது). உங்கள் முன்னாள் மனைவி சொல்லும் அந்த 20 வயது இங்கிருந்து வந்ததுதான், அது மேல் எல்லை, படிக்கிற பிள்ளைக்கு மட்டும். அம்மாவுக்கு வருமானம் அதிகம் என்பதால் அவர் பெனிபிட் பணத்தை வாங்காமலே விட்டிருந்தாலும் கணக்கு மாறாது, தகுதி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, படிப்பை விட்டுவிட்டான், அன்றைக்கே தகுதி போய்விடுமா என்றால், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறோம். வாரம் 24 மணி நேரமோ அதற்கு மேலோ சம்பள வேலையில் சேர்ந்தால், அல்லது இங்கிலாந்தில் அப்ரென்டிஸ்ஷிப்பில் (வேலையோடு சேர்ந்த தொழில் பயிற்சி) சேர்ந்தால் உடனே நின்றுவிடும். அதைவிடக் குறைந்த நேர வேலை என்றாலோ, வேலையே இல்லாமல் வீட்டில் படுத்துக்கிடந்தாலோ, படிப்பை விட்டதற்கு அடுத்து வருகிற பிப்ரவரி கடைசி, மே 31, ஆகஸ்ட் 31, நவம்பர் 30, இந்த நான்கில் எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடும். உங்கள் பையன் 20 மணி நேரம்தான் பார்க்கிறான், அதனால்தான் பிப்ரவரி. நடுவில் முதலாளி ஷிப்ட் கூட்டிக்கொடுத்து 24 ஆகிவிட்டால் அப்போதே முடிந்தது. விதிவிலக்கு என்றேனே, அது இதுதான்: 16, 17 வயதுப் பிள்ளை அரசின் கேரியர்ஸ் சர்வீஸில் பதிவு செய்துகொண்டு, படிப்பை விட்ட மூன்று மாதத்துக்குள் பெற்றவரும் சைல்ட் பெனிபிட்டை நீட்டிக்கக் கேட்டிருந்தால், விட்டதிலிருந்து 20 வாரம் வரை நீளலாம். இதை அவன் அம்மாவிடமோ அவனிடமோ நேராகக் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் போகிற போக்கில் தீர்த்துவிடுகிறேன். இங்கிலாந்தில் 2015-இலிருந்து 18 வயது வரை ஏதாவது ஒரு படிப்போ பயிற்சியோ இருந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது (ஸ்காட்லாந்தில், வேல்ஸில் அப்படி இல்லை). வாரம் 20 மணி நேர வேலையோடு பகுதி நேரப் பயிற்சி என்பது அந்தச் சட்டத்துக்குப் போதும். ஆனால் அந்தப் பகுதி நேரப் பயிற்சி 12 மணி நேரத்தைத் தாண்டாவிட்டால் மெயின்டனன்ஸ் கணக்குக்கு அது படிப்பே இல்லை.

இப்போது என் கதை. என் மகன் 17 வயதில், ஏ லெவல் இரண்டாம் வருடம், அக்டோபர் ஆரம்பத்தில் காலேஜை விட்டான். ஒரு எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரிடம் எடுபிடி வேலை. முதல் நாள் காலையில் இரும்பு மூக்கு வைத்த புது பூட்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பினான், லேஸைக்கூடத் தப்பாகக் கட்டியிருந்தான். எனக்குப் பெருமை ஒரு பக்கம், இனிப் பாதிதான் கட்ட வேண்டும் என்ற கணக்கு இன்னொரு பக்கம், பொய் சொல்வானேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், மகள் சின்னவள். வாரத்துக்கு 80 பவுண்ட் போய்க்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே அதை 40 ஆக்கினேன்.

அதில் இரண்டு தப்பு. ஒன்று, அவனுக்கு வாரம் இரண்டு நாள், 16 மணி நேரம்தான் வேலை, அப்ரென்டிஸ்ஷிப் ஒப்பந்தம் ஜனவரியில்தான் வந்தது. ஆகவே நவம்பர் 30 வரை முழுத்தொகை கட்டியிருக்க வேண்டும். இரண்டு, ஒரு பிள்ளை குறைந்தால் தொகை பாதியாகாது. வாரம் 200 முதல் 800 பவுண்ட் வரை வருமானம் உள்ளவர்களுக்கு, வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையில் இரண்டு பிள்ளைக்கு 16 சதவீதம், ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம். எனக்கு 500 பவுண்ட் வருமானம், 80 என்பது 60 ஆகும், 40 ஆகாது. ஏழு வாரம் நாற்பது நாற்பதாக, டிசம்பரில் இரண்டு வாரம் இருபது இருபதாக, மொத்தம் 320 பவுண்ட் பாக்கி. பிள்ளைகளின் அம்மாவிடமிருந்து "மகள் என்ன பாதி ஆகிவிட்டாளா?" என்று ஒரே வரியில் மெசேஜ் வந்தது. பதில் எழுத முடியவில்லை.

பாக்கியைக் கட்டித் தீர்த்தேன். கட்டாமல் இழுத்தடித்தால் சர்வீஸே வசூலிக்கும் முறைக்கு மாற்றிவிடலாம், அதில் கட்டுகிறவருக்கு 20 சதவீதம் கூடுதல் கட்டணம், வாங்குகிறவருக்கும் 4 சதவீதம் பிடித்தம். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று பழைய பாக்கி தானாக மறைந்தும் போகாது.

எனவே முதலில் மூன்று விஷயத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்: காலேஜை விட்ட தேதி, வேலையில் சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். அப்புறம் நீங்களே சர்வீஸுக்குத் தெரிவித்துவிடுங்கள். சொல்ல வேண்டியது வாங்குகிறவரின் பொறுப்புதான், ஆனாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், கட்டுகிறவரும் சொல்லலாம். புதுத் தொகை எழுத்தில் வந்த பிறகு ஸ்டாண்டிங் ஆர்டரை மாற்றுங்கள். சர்வீஸ் எதுவும் இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு என்றால், பேசித்தான் முடிக்க வேண்டும், ஒரு மெசேஜிலாவது இருக்கட்டும். கோர்ட் ஆர்டர் என்றால் மேலே சொன்ன தேதிகளை மறந்துவிட்டு ஆர்டரை எடுத்துப் படியுங்கள், எதுவரை என்று அதிலேயே எழுதியிருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பணம் நிற்கிற அதே சமயத்தில் அந்த வீட்டில் சைல்ட் பெனிபிட்டும் நிற்கும், யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவி) வாங்கினால் அதிலும் பிள்ளைக்கான பங்கு போகும், ஒருவேளை அதற்கு முன்பே போயிருக்கும். பையன் அங்கேதான் சாப்பிடுகிறான், தூங்குகிறான். அவன் அம்மா "20 வயது வரை" என்று பிடிவாதம் பிடிப்பது சட்டம் தெரியாமல் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அந்த ஜனவரியிலிருந்து மகன் சம்பளத்தில் வாரம் 30 பவுண்ட் அம்மாவிடம் கொடுக்க ஆரம்பித்தான். யாரும் கேட்கவில்லை. எனக்கே மகள் சொல்லித்தான் தெரியும்.